குருவி கொடுத்த பாய்

குளக்கரை ஈச்சமரத்தில் நூலாண்டி என்றொரு தூக்கணாங்குருவி பாதிக் கூடு கட்டியிருந்தான். அந்த இனத்தில் அதுதான் வழக்கம். ஆண் பாதி கட்டும். பெண் வந்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூடும் கல்யாணமும்.

செவ்வந்தி வந்தாள். கூட்டை உதைத்தாள், இழுத்தாள், தலைகீழாகத் தொங்கியும் பார்த்தாள். "முடிச்சு நல்லா இருக்கு. நாலு நாள்ல மழை வந்துடும். அதுக்குள்ள வாசல் குழலைப் பின்னி முடிச்சிடு, வரேன்" என்றாள்.

நூலாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. நாணலில் பச்சை நார் கிழித்து, வாயில் கவ்விக்கொண்டு பறந்து வந்தான். அப்போது குளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வாசலைக் கீழ வைக்கிறான் பாரு. முட்டை பொத்துனு தண்ணியில விழும்."

தாமரை இலைக்கடியில் வாய் மட்டும் தெரிந்தது. முகம் கிடையாது. கொரகொரப்பன் என்ற தவளை அது. பிறந்ததிலிருந்து ஒரு கூட்டைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் கூடுகளைப் பற்றி அதற்குத் திட்டவட்டமான கருத்துகள் இருந்தன.

வேலையுள்ள குருவி இதற்குப் பதில் சொல்லுமா? நூலாண்டி சொன்னான்.

"முட்டைக்கு உள்ளே தனிக் குழி இருக்குடா, மண்டு!"

வாயைத் திறந்தானல்லவா, நார் நழுவித் தண்ணீரில் விழுந்தது. போனால் போகட்டும், பதில் பிரமாதம். தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டின. நூலாண்டி எண்ணினான். நாற்பத்தொரு வால். அவன் முடிச்சுகளை இத்தனை பேர் என்றைக்குப் பாராட்டினார்கள்?

அடுத்த நாரோடு வந்தபோது வேறோர் இலையிலிருந்து வேறொரு குரல். இவன் தாத்தா சிட்டுக்குருவியிடம் வைக்கோல் திருடியவராம். குடும்பத்தை இழுத்தால் சும்மா இருக்க முடியுமா? அந்த நாரும் போயிற்று. மூன்றாவது இலை ஒன்றே ஒன்றுதான் சொன்னது. "அண்ணனுக்குக் கோவம் வருது பாருங்க." தனக்குக் கோபமே வரவில்லை என்பதை நூலாண்டி மறுநாள் உச்சிவரைக்கும் கத்தி விளக்கினான். ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு நார் குளத்தில் விழுந்தது.

பக்கத்து ஓலையில் இன்னொரு குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தான். எப்போதும் வாயில் நார் இருந்ததால் அவன் குரலை யாரும் கேட்டதில்லை. ஊமையன் என்றே பெயர். நூலாண்டியின் பாதிக் கூட்டைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனான். பொறாமை என்று நூலாண்டி முடிவு கட்டினான். பாவம், அவனுக்கு ஒரு வால்கூட ஆடவில்லையே.

மூன்றாம் நாள் ஒரு தட்டான் பூச்சி மெல்ல வந்து சொன்னது. "அந்த மூணு பேரும் ஒரே ஆள்தான் அண்ணே. இலை மாத்தி மாத்தி உக்காந்து கத்துது."

நூலாண்டி ஆழ்ந்து யோசித்தான். "அப்போ மூணு பேரையும் ஒரே பதில்ல மடக்கிடலாம்" என்றான்.

நாலாம் நாள் மடக்கியும்விட்டான். தாமரை இலைகளிலிருந்து எதிர்க்குரலே வரவில்லை. வாலாட்ட வேண்டியவர்களில் பாதிப் பேர், கால் முளைத்து வேறு வேலை பார்க்கப் போயிருந்தார்கள். மேகம் திரண்டது. செவ்வந்தி வந்தாள்.

"குழல் எங்கே?"

"அது கிடக்கட்டும். தவளையை வாயடைச்சிட்டேன், தெரியுமா? வேணும்னா அவனையே கேளு."

அவள் குனிந்து கேட்டாள். கொரகொரப்பன் முதன்முறையாக இலைக்கு வெளியே, நாணல் நார் மெத்துமெத்தென்று குவிந்த பாயில் மல்லாந்து கிடந்தது.

"குருவியா? ஞாபகம் இல்லியேம்மா. காலையிலேருந்து நான் நண்டோட பேசிட்டிருக்கேன். இந்தப் பாயை மட்டும் யாரோ மேலேருந்து போட்டாங்க. மகராசன், நல்லா இருக்கட்டும்."

முதல் துளி விழுந்தது. செவ்வந்தி பக்கத்து ஓலைக்குப் பறந்தாள். ஊமையன் கடைசி நாரை முடிந்துவிட்டு, அந்தப் பருவத்திலேயே முதல்முறையாக வாய் திறந்தான்.

"வா" என்றான்.

நூலாண்டி நனைந்துகொண்டே, தவளைக்குச் சொல்ல இன்னும் நல்ல பதில் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தான்.

முகம் காட்டாத வாய்க்கெல்லாம் பதில் சொல்லி ஜெயிக்கப் போகிறவன், தன் வீட்டுக்கு வைத்திருந்த நாரை எதிராளிக்குப் பாயாகப் போட்டுக் கொடுக்கிறான்.