அடி மூடிய துப்பாக்கி

போடிநாயக்கனூரில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் மெகருன்னிசாவின் கடை இருந்தது. துப்பாக்கி பழுது பார்க்கும் கடை. நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் காலை வீருச்சாமி என்பவர் வந்தார். மெகருன்னிசாவை விட நிறைய மூத்தவர். மலைமேல் சிறிய ஏலத்தோட்டம் வைத்திருந்தார். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கிய பழைய ரைஃபிள் ஒன்றைச் சாக்கில் சுற்றி வலது கையில் எடுத்து வந்திருந்தார். இடது தோளில் கிடந்த துண்டு இடது கையை முழுதாக மறைத்தது.

"இதோட அடியை மூடணும் மாஸ்டர்."

மெகருன்னிசா ரைஃபிளைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் மேகசின். அதில் தோட்டாக்களை அடுக்கிவிட்டால், போல்ட்டை இழுத்துத் தள்ளும்போதெல்லாம் கீழிருந்து ஒன்று தானாகவே மேலே வந்து குழலுக்குள் ஏறும்.

"நல்லாத்தானே இருக்கு. எதுக்கு மூடணும்?"

"மேகசினை எடுத்துட்டு, அந்த எடத்துல இரும்பை வச்சு அடைச்சிரணும். ஒரு தோட்டாவைக் கையால எடுத்து மேல வச்சாத்தான் உண்டு. கண்ணுக்குத் தெரியாம அதுக்குள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது."

மெகருன்னிசா ரைஃபிளை மேஜைமேல் வைத்தார்.

"நான் செய்ய மாட்டேன், நான் அடைச்சா உங்களுக்கு நம்பிக்கை வராது. நீங்க செய்யுங்கண்ணே. நான் சொல்லித் தர்றேன்."

"எனக்கு இடது கை மேல எழும்பாது மாஸ்டர்."

"அரத்தைப் பிடிச்சு ராவுறதுக்கு மேல எழும்ப வேணாம்."

துப்பாக்கியை மாற்ற அனுமதி கேட்டு எழுதிப் போட்டு, அது வந்த பிறகு வேலை தொடங்கியது. வீருச்சாமி காலை பஸ்ஸில் இறங்கி வருவார். மெகருன்னிசா கொடுத்த எஃகுத் துண்டைப் பட்டறைப் பிடியில் இறுக்கிக்கொண்டு ராவுவார். மேகசின் இருந்த ஓட்டைக்குள் அது இம்மி இடமில்லாமல் உட்கார வேண்டும்.

கடைக்கு எதிரேதான் கேரளத்திலிருந்து இறங்கும் பஸ்கள் நிற்கும். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் வீருச்சாமியின் அரம் நின்றுவிடும். கழுத்தைத் திருப்பி, இறங்குகிறவர்களைக் கடைசி ஆள் வரை பார்ப்பார். பஸ் போனதும் மறுபடி ராவுவார். அரம் நின்று நின்று ஓடியதால் எஃகில் பள்ளம் விழுந்தது.

"வேற துண்டு குடுங்க மாஸ்டர். இதைக் கெடுத்துட்டேன்."

மெகருன்னிசா வேறு துண்டு கொடுத்தார். பிறகு பட்டறைப் பிடியின் திருகுகளைக் கழற்றி, அதை மேஜையின் மறுபக்கம் தெருவைப் பார்த்தபடி பொருத்தினார்.

"பாக்கக் கூடாதுன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்."

"பாத்துக்கிட்டே ராவுங்க."

அதன்பிறகு பள்ளம் விழவில்லை.

யாரை எதிர்பார்க்கிறீர்கள் என்று மெகருன்னிசா கேட்கவே இல்லை. வீருச்சாமிதான் ஒரு நாள் சொன்னார்.

"தம்பி மாஸ்டர். சுருளிவேல். அம்மா போனப்ப அவன் கைப்பிள்ளை. நான்தான் வளத்தேன். எனக்குன்னு வேற குடும்பம் வச்சுக்கல."

"எங்க இருக்காரு?"

"தெரியல."

சிறிது நேரம் ராவினார்.

"பன்னி வெரட்டப் போயிட்டு விடியக்காலம் வந்தான். உள்ள இருந்த தோட்டாவை எடுத்துட்டான், நானே பாத்தேன். கீழ மேகசின்ல ஒண்ணு மிச்சம் இருந்திருக்கு. போல்ட்டைத் தள்ளி மூடினப்ப அது மேல ஏறிருச்சு. அவனுக்குத் தெரியாது. ஒண்ணுமில்லைன்னு நெனச்சு விசையை இழுத்தான். நான் எதுக்க உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டிருந்தேன்."

மெகருன்னிசா துண்டு மூடிய தோளைப் பார்த்தார்.

"என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு மலையிறங்கி ஓடியாந்தான். ஆஸ்பத்திரியில நான் கண்ணு முழிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னானாம். நான் முழிச்சதும் வெளிய போயிட்டான். போலீசுக்கு, என் கையாலதான் வெடிச்சதுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவனைப் பாக்கல."

"ரெண்டு பேரும் மட்டுந்தானா வீட்டுல?"

"ஆமா. தோட்டத்துல இருந்து இறங்கும்போது விசிலடிச்சுக்கிட்டே வருவான். இப்பவும் வேலிப்பக்கம் எவனாவது விசிலடிச்சா நான் வாசலுக்கு வந்துருவேன். கூலிக்காரப் பயலாத்தான் இருப்பான். ஒலை வச்சா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அரிசி அள்ளுது கை. அள்ளினதைத் திருப்பிப் போட மனசு வரமாட்டேங்குது."

மெகருன்னிசா விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து எஃகுத் துண்டின்மேல் பூசினார். ஓட்டைக்குள் நுழைத்து எடுத்தார். எங்கே இடிக்கிறதோ அங்கே கரி அழிந்திருந்தது.

"இந்த எடத்துல மட்டும் ராவுங்க."

வேலை முடியும் நேரத்தில் வீருச்சாமி கேட்டார்.

"ஊர்ல எல்லாரும் இதைக் கெணத்துல போடச் சொன்னாங்க. நீங்க ஏன் மாஸ்டர் சொல்லல?"

"நீங்க ஏன் போடல?"

"போட்டுட்டா, இனி நீ வர வேணாம்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்ல."

"அப்ப இது யாருக்கு?"

"அவனுக்குத்தான். என்னால தூக்க முடியாதே."

எஃகுத் துண்டு ஓட்டைக்குள் உட்கார்ந்தது. மெகருன்னிசா அதை நிலையாகப் பிணைத்தார். மேலே ஒரு தோட்டா படுக்கிற அளவுக்கு வாய்க்கால்போல ஒரு பள்ளம் எடுத்தார்கள். ரைஃபிளின் மரக்கட்டைக்கு அடியிலிருந்த வாயையும் தேக்குத் துண்டால் அடைத்தார்கள். வீருச்சாமி ரைஃபிளைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். விரல் எங்கும் தட்டவில்லை. அன்று அவர் முகத்தில் மெகருன்னிசா முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தார்.

அந்த வாரமே சேதி வந்தது. கேரளத்துப் பூப்பாறைக்கு ஏலம் பறிக்கப் போன பெண் ஒருத்தி சுருளிவேலைப் பார்த்திருக்கிறாள். அங்கே ஒரு எஸ்டேட்டில் உலர்களத்தில் வேலை செய்கிறானாம்.

"ரைஃபிள் இங்கயே இருக்கட்டும் மாஸ்டர். அவனைக் கூட்டிக்கிட்டு வந்து எடுத்துக்கிறேன்."

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, வீருச்சாமி பஸ் ஏறினார்.

மறுநாள் மாலை தனியாக வந்தார். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். மெகருன்னிசா தேநீர் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். அது ஆறிப் போனது.

"பாத்தீங்களா?"

"கதவைத் தெறக்கல. லயத்துல பக்கத்து வீட்டுப் பொம்பளை, ஆளு இல்லைன்னுச்சு. செருப்பு வெளிய கெடந்துச்சு மாஸ்டர். உள்ள இருமுறான். அவன் இருமல் எனக்குத் தெரியாதா?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கதவுக்கு வெளிய நின்னு பேசினேன். பொழுது சாயுற வரைக்கும் நின்னேன்."

"என்ன பேசினீங்க?"

"சுருளி, எனக்கு ஒண்ணும் ஆகலடா, நல்லாத்தான் இருக்கேன்னேன். உன்மேல கோவம் இல்லைன்னேன். எப்பவோ மன்னிச்சிட்டேன்னேன். துப்பாக்கிக்கு அடியை மூடியாச்சு, இனி உள்ள மறைஞ்சு கெடக்க எடமே இல்ல, பயப்படாம வான்னேன். வேற என்னத்தைச் சொல்ல? எல்லாத்தையும் சொல்லிட்டேன். இன்னும் எதை மாஸ்டர் மூடணும்?"

"கையைப் பாத்தாரா?"

"துண்டைப் போட்டு மறைச்சுக்கிட்டுத்தான் நின்னேன். கதவுச் சந்து வழியா பாத்தான்னா வெசனப்படுவான்ல."

மெகருன்னிசா எழுந்து போய் ரைஃபிளை எடுத்து வந்தார்.

"தூக்கிப் பிடிங்கண்ணே."

வீருச்சாமி வலது கையால் வாங்கினார். இடது கையைக் கொண்டுபோய்க் குழலுக்கடியில் கொடுத்தார். கை நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் எழுப்பப் பார்த்தார். துண்டு நழுவித் தரையில் விழுந்தது. குழல் தாழ்ந்தது. மெகருன்னிசா ரைஃபிளைத் திரும்ப வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"தோட்டத்துக்குப் பன்னி வருதா?"

"தெனமும் வருது. பாதிச் செடி போச்சு."

"அதைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"விசில் சத்தம் கேட்டா வாசலுக்கு வர்றதை?"

"அதையெல்லாம் எப்படி மாஸ்டர் அவன்கிட்டப் போய்ச் சொல்றது? நான் அண்ணன்."

எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. வீருச்சாமி அப்போதும் திரும்பி, இறங்குகிறவர்களைப் பார்த்தார். கடைசி ஆள் இறங்கிப் போகும்வரை மெகருன்னிசா காத்திருந்தார்.

"திரும்பப் போங்க. துண்டு வேணாம். பன்னியால தோட்டம் அழியறதைச் சொல்லுங்க. ஒலையில ரெண்டு பேருக்கு அரிசி போடுறதைச் சொல்லுங்க. இதைத் தூக்க முடியலைன்னு சொல்லுங்க."

"இந்தக் கையைப் பாத்தா அவன் ஒடஞ்சு போவான் மாஸ்டர்."

"அவரு ஒடஞ்சு ரொம்ப நாளாச்சுண்ணே. நீங்க ஒரு கொறையும் இல்லாத மாதிரி முழுசா போய் நின்னா, அவரு யாருகிட்ட வருவாரு?"