சருகுக் கட்டளை

வெகுகாலம் முன்பு, மழையைவிடக் கட்டளைகள் அதிகமாகப் பெய்த வெண்பாறை நாட்டைச் சூரமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஒருநாள் அரண்மனைக் குதிரைகள் மேயும் புல்வெளியில் அவன் உலாவியபோது காலடியில் சருகு நொறுங்கியது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இனி இங்கே ஒரு சருகு கிடக்கக் கூடாது."

அமைச்சர் அம்பலவாணரைக் கண்டாலே பொறாமையில் புகையும் அரண்மனை அதிகாரி கச்சிராயர் அந்த வேலையை முந்திக்கொண்டு கேட்டு வாங்கினார். வாகையும் புங்கையும் உதிர்த்ததையெல்லாம் அன்றாடம் கூட்டி, கோட்டைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் கொட்டவைத்தார். கட்டளை ஓலையில் முத்திரை வைத்தவர் அம்பலவாணர். சருகுதானே என்று அவரும் நினைத்துவிட்டார்.

நான்காம் வருஷம் புல்வெளி நெற்களம்போல் இறுகிக் கிடந்தது. குதிரைகளின் விலா எலும்புகளை எண்ணலாம்.

"மேய்ச்சல் காவலன் பெருமாண்டி புல்லை அறுத்து விற்கிறான்" என்றார் கச்சிராயர். "அவனை வேலைக்கு வைத்தது நம் அமைச்சர்தான்."

ராஜா அம்பலவாணரைப் பார்த்தான். "பொழுது சாய்வதற்குள் வேறு திருடனைக் காட்டும். இல்லாவிட்டால் பெருமாண்டியின் தலையை யானை மிதிக்கும்."

"என் சாட்சியை அழைக்க உத்தரவு வேண்டும். மகாராஜாவின் பட்டத்துக் குதிரை."

"குதிரை வாக்குமூலம் கொடுக்குமோ?" கச்சிராயர் சிரித்தார்.

"கொடுக்கும். அதற்கு முகஸ்துதி தெரியாது."

கயிறு அவிழ்ந்த குதிரை காற்றை மோந்தது. கோட்டையைச் சுற்றி நடந்தது. சபை முழுவதும் பின்னால் போனது. மக்கிய சருகு மழையில் கரைந்து பள்ளத்தின் சரிவெங்கும் பரவியிருந்தது. அங்கே புல் இடுப்புயரம். அதற்குள் தலையை நுழைத்த குதிரை நிமிரவேயில்லை.

"மக்கும் சருகுதான் மண்ணுக்குச் சோறு, மகாராஜா. மூன்று வருஷச் சோற்றை வாரி இங்கே கொட்டியிருக்கிறோம்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். புல்வெளிக்குத் திரும்பவேண்டிய முதல் கூடைச் சருகைக் கச்சிராயர் தலையில் ஏற்றினான். பெருமாண்டியின் விலங்கு கழன்றது.

"சருகு நல்லதென்றால் நிறையச் சருகு மிக நல்லது" என்றான் ராஜா. "முழங்கால் ஆழம் பரப்புங்கள்! ஓர் இலையை எடுப்பவன் கையை எடுப்பேன்."

"மகாராஜா, அவ்வளவு வேண்டாம், தரை தெரிய..."

"என்ன, இன்னொரு மாலை வேண்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓலை வந்தது. அம்பலவாணர் முத்திரை வைத்தார்.

மழை பெய்தது. புல் வரவில்லை. பாதிக் குதிரைகள் செத்துப்போயின. அம்பலவாணர் தனியாகப் புல்வெளிக்குப் போனார். பெருமாண்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஈரச் சருகை இரு கையாலும் விலக்கினான். அடியில் நூல்போல வெளுத்த புல், மடங்கி அழுகியிருந்தது.

"மெல்லிசாக் கெடந்தா ஈரம் காக்கும், சாமி. இப்படி அமுக்கிட்டா வெளிச்சம் எங்க எட்டும்? காலையில கச்சிராயர் வந்து பாத்தாரு. என் பேரை மறுபடி கேட்டுக்கிட்டுப் போனாரு."

"நாளைக்குச் சபையில் சொல்கிறேன்."

"வேணாம் சாமி. போன தடவ நீங்க சொல்லித்தான் இது வந்துச்சு."

விலக்கிய சருகை, இடம் தெரியாதபடி, அவன் திரும்ப மூடினான்.