சாயம் போன செர்ரி

மலைப்பாதை வளைவில் ஒரு குரங்குக் கூட்டம் வசித்தது. அதில் வெள்ளச்சி என்ற மந்திக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். எது பழம், எது காய் என்று தூரத்திலிருந்தே நிறம் பார்த்துச் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால்தான் கூட்டம் பறிக்கும்.

ஒருநாள் காரில் வந்தவர்கள் பாதிக் கேக்கை வீசிவிட்டுப் போனார்கள். அதில் செக்கச்செவேலென்று சின்னச் சின்னத் துண்டுகள் பதிந்திருந்தன. காரில் இருந்த குழந்தை அதைத்தான் ‘செர்ரி’ என்று கேட்டு அழுததை வெள்ளச்சி கேட்டிருந்தாள். இவ்வளவு சிவந்தது பழுக்காமலா இருக்கும்? வெள்ளச்சி முதல் வாயைத் தன் குட்டி சிமிட்டானுக்கு ஊட்டினாள்.

அன்றுமுதல் கார்க்காரர்கள் வீசும் கேக்குகளில் பொறுக்கியெடுத்து, சிமிட்டானுக்கு எல்லா வேளையும் செர்ரிதான் ஊட்டினாள். இலந்தையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மேலெல்லாம் சொறிந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தான். பழம் தின்று யாருக்கு என்ன ஆகும், எல்லாம் பனிக்காற்றுதான் என்று வெள்ளச்சி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஒரு மழைக்குப் பின், மரத்தடி நத்தை அவளைக் கூப்பிட்டது.

“வெள்ளச்சி, நீ கீழ போட்ட செர்ரியில சிவப்பெல்லாம் தண்ணியோட போயிடுச்சு. உள்ள வெறும் பப்பாளிக்காய். அத்தனை நாள் ஈரத்துல கிடந்தும் பூஞ்சைகூடப் பிடிக்கல. புள்ளைக்குக் குடுக்காதே.”

“மண்ணுல ஊர்றவ எனக்குப் பழம் பார்க்கச் சொல்லித் தர்றியா?” என்றாள் வெள்ளச்சி. கெடவே கெடாது என்றால் இன்னும் நல்லதுதானே என்று மிச்சத்தையும் பொந்தில் சேர்த்து வைத்தாள்.

பலா பழுத்தது. கூட்டம் பள்ளத்தாக்கை நோக்கிக் கிளைக்குக் கிளை தாவியது. சிமிட்டானுக்குத் தாவத் தெம்பில்லை. வெள்ளச்சி வயிற்றோடு அணைத்துத் தூக்கிப் போனாள். நல்ல சுளையாகப் பார்த்து வாயில் வைத்தாள். அவன் மென்றுவிட்டுத் துப்பினான்.

“சப்புனு இருக்கும்மா. செர்ரி குடு.”

அதே சுளையை அவள் தின்று பார்த்தாள். தேனாக இனித்தது. நத்தை சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பொந்திலிருந்து ஒரு செர்ரியை எடுத்து ஓடையில் அலசினாள். விரலெல்லாம் சிவப்பானது. கையில் வெளுத்த காய் ஒன்றுதான் மிஞ்சியது.

கூட்டமே அவளைக் கேட்டுத்தான் பழம் பறித்தது. அவளோ பெற்ற பிள்ளைக்குச் சாயம் பூசிய காயை ஊட்டியிருக்கிறாள். அவள் வாய்விட்டு அழுதாள். திரும்பி வந்து இன்னொரு சுளையை நீட்டினாள். பசியில் துவண்டு கிடந்த சிமிட்டான் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

நிறத்தையும் ருசியையும் மட்டும் நம்பி, என்ன கலந்தது என்று கேட்காமல் ஊட்டுகிறவர்கள், பிள்ளையின் உடம்போடு நாக்கையும் கெடுத்துவிட்டுப் பிறகு வருந்துவார்கள்.