கழலாத கொக்கி

“இந்த மூணு கொக்கியில எதும்மா கழண்டுக்காது?”

சடையப்பன் சாக்கை விரித்து மூன்றையும் வைத்தான். குண்டு வைத்தது ஒன்று. வாய் வளைந்தது ஒன்று. மேலிருந்து இரும்புப் பின் செருகுவது ஒன்று. மடத்துத் தோட்டத்துக் குட்டி டிராக்டரில் டிரெய்லரை மாட்டுவதற்கு. பிடித்ததை வைத்துக்கொள், மற்றதைத் திருப்பிக் கொடு என்று கடைக்காரர் அனுப்பியிருந்தார்.

அம்மை மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். வயதில் அவனுக்குத் தங்கச்சி மாதிரி. மடத்தில் அவனுக்கு அவள்தான் குரு.

“எல்லாம் கழலும்.”

“கழலக் கூடாதும்மா.”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. மலைக்கே தெரிந்த கதை அது. போன மாதம் அந்த டிரெய்லரில்தான் பூவாயியை ஏற்றினார்கள். சுடுகாட்டு மேட்டில் கொக்கியின் இரும்புப் பின் தெறித்தது. டிரெய்லர் பின்னாலேயே உருண்டு பலாமரத்தில் முட்டி நின்றது. மாலையெல்லாம் மண்ணில் கிடந்தது.

ஓட்டியவன் சடையப்பன். பூவாயி அவன் பெண்டாட்டி.

“உசிரோட இருக்கையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கல. செத்த பெறகாச்சும் ஒழுங்காக் கொண்டுபோனேனா?”

அம்மை அடுத்த கொடியை எடுத்துக் கட்டினாள்.

பிணம் ஏற்றிய டிரெய்லரை அன்றைக்குச் சுடுகாட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். டிராக்டர் மட்டும்தான் திரும்பும். மறுநாள் பால் ஊற்றிய பிறகு டிரெய்லரைக் கழுவி எடுத்து வருவார்கள். சடையப்பன் கேட்கவில்லை. சங்கிலி போட்டுக் கட்டி அன்றைக்கே இழுத்து வந்துவிட்டான். அதற்குப் பிறகு அதில் ஒருவரும் ஒரு கூடை எரு ஏற்றவில்லை.

“அப்ப வெல்டிங் வச்சிடுறேம்மா.”

“வை.”

மலையிறங்கிப் போய் டிராக்டரையும் டிரெய்லரையும் ஒன்றாக ஒட்டவைத்துக்கொண்டு வந்தான்.

சமையல்கட்டுச் செல்லக்கண்ணு எட்டிப் பார்த்தாள். “என்ன மாமா, ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிட்டியா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மை கையைக் கழுவினாள். டிரெய்லரில் ஏறினாள். கால் நீட்டி மல்லாந்து படுத்தாள்.

“எங்கம்மா போகணும்?”

“சுடுகாட்டுக்கு.”

சடையப்பன் தயங்கினான். குருவின் சொல். வண்டியைக் கிளப்பினான்.

மேட்டில் டிரெய்லர் அசையவே இல்லை. பலாமரத்தைத் தாண்டியபோது திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு இப்படிப் போயிருக்கக் கூடாதா.

எரிமேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். சாம்பல் ஈரமாகக் கிடந்தது.

“அலுங்காமக் கொண்டாந்துட்ட,” என்றாள் அம்மை, கண்ணைத் திறக்காமல்.

“ஆமாம்மா.”

“நான் செத்தவ. வழக்கப்படி டிரெய்லரை இங்கயே விட்டுட்டு வீட்டுக்குப் போ.”

சடையப்பன் இறங்கினான். வெல்டிங் வைத்த இடத்தைத் தடவிப் பார்த்தான். இழுத்தும் பார்த்தான். கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தான்.

“விட முடியலம்மா.”

அம்மை ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

“அப்ப நீயும் ஏறிப் படு.”