சடைச்சியோட மூணு பானை விதை

ஒரு ஊர்ல ஒரு மழை இருந்துச்சாம். ம் கொட்டு, இல்லைன்னா நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்குவேன். ஆங், அப்படி! அந்த மழை ஐப்பசி பொறந்தா டாண்ணு வந்துருமாம். அப்புறம் அதுக்கு என்ன வந்துச்சோ, நாள் கிழமையெல்லாம் மறந்து போச்சு. வேணாங்கறப்ப சோன்னு கொட்டும், கெஞ்சினா எட்டிக்கூடப் பாக்காது.

அந்த ஊர்ல சடைச்சின்னு ஒருத்தி. புருஷன் போய்ச் சேந்துட்டான், ரெண்டு பொட்டப்புள்ளைங்க. ஒரே ஒரு வயலு, அதுவும் மேல மேடு, கீழ பள்ளமாக் கெடக்கும். வீட்டுல மூணு பானை விதை இருந்துச்சு. நெல்லு, கம்பு, வரகு. அது தீந்துச்சுன்னா புள்ளைங்களோட செங்கச் சூளைக்குக் கல்லு சுமக்கப் போகணும். அதனால அந்தப் பானைங்களைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தா, பாவம்.

அப்போ ராஜா ஒரு மழைப் பண்டிதரை அனுப்பினாரு. அவரு பல்லக்கை விட்டு எறங்கவே இல்லை, கால்ல சேறு ஒட்டிக்குமாம்! டம் டம் டம்முன்னு தண்டோரா. "இந்த வருஷம் நல்ல மழை. எல்லாரும் நெல்லு விதைங்க!"

படிச்சவரு சொல்றாரேன்னு சடைச்சியும் முக்காப் பானை நெல்லை விதைச்சா. ஒரு பொட்டு மழை இல்லை. எறும்பு வரிசை கட்டி வந்து விதையைத் தூக்கிட்டுப் போச்சு.

அடுத்த வருஷம் மறுபடி பல்லக்கு. "நான் சரியாத்தான் சொன்னேன், மழைதான் தப்புப் பண்ணிருச்சு. இந்த வருஷம் வறட்சி. எல்லாரும் கம்பு!" முக்காப் பானை கம்பும் போச்சு வயலுக்கு. அப்போதான் மழைக்கு ஞாபகம் வந்துச்சு போல. சலசலன்னு பெஞ்சு, கம்பு அம்புட்டும் அழுகிப் போச்சு. சடைச்சி வரப்புல ஒக்காந்து ஓன்னு அழுதா. தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாவது வருஷமும் வந்தாரு மகராசன். "வெள்ளம் வரும், நெல்லு விதைங்க!" டம் டம் டம். இந்தத் தடவ சடைச்சி காதுல வாங்கிக்கலை. வயலை மேலருந்து கீழ மூணு தடவ நடந்து பாத்தா. மேட்டுல மிச்சக் கம்பு, நடுவுல வரகு, பள்ளத்துல மிச்ச நெல்லு. பானைக்கு ஒரு பிடி மட்டும் நிறுத்திக்கிட்டா.

"ஒரு வயல்ல மூணு பயிரா? புத்தி பெரண்டுருச்சு இவளுக்கு"ன்னு ஊரே சிரிச்சுது.

மொதல்ல காஞ்சுது. நெல்லு கருகிருச்சு. அப்புறம் கம்பு பூக்கற நேரமாப் பாத்துக் கொட்டுச்சு, கம்பும் போச்சு. ஊரு வயலெல்லாம் மொட்டை. நடுவுல வரகு மட்டும் காஞ்சதையும் தாங்கி, மழையையும் தாங்கி நின்னுச்சு. சடைச்சிக்கு நம்பவே முடியலை, ஒவ்வொரு கதிரையும் தடவித் தடவிப் பாத்தா.

சேதி கேட்டு ராஜாவே வந்துட்டாரு. அதுக்குள்ள பண்டிதர் வரப்புல பலகை நட்டுட்டாரு: "பண்டிதர் காப்பாற்றிய வயல்." சால்வை வேற போத்திக்கிட்டாரு, அந்த வெக்கங்கெட்ட மனுசன்!

ராஜா கேட்டாரு, "எப்படிம்மா செஞ்ச?"

"மூணு விதைச்சேன் ராசா. ரெண்டு போச்சு, ஒண்ணு நின்னுச்சு."

ராஜாவுக்குக் கோவம் வந்துருச்சு. "மூணுல ரெண்டு வீணா? இனிமே வீணாப் போற ரெண்டை ஒருத்தரும் விதைக்கக் கூடாது. நிக்கிற ஒண்ணை மட்டும் விதைங்க!"

"ஆகா, ஆகா!"ன்னு பண்டிதர் ஓலையில எழுதிக்கிட்டாரு. டம் டம் டம்!

சடைச்சி கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டா, "எது நிக்கும்னு யாரு சொல்லுவா ராசா?"

ராஜா பண்டிதரைப் பாத்தாரு. பண்டிதர் வானத்தைப் பாத்தாரு. வானம் அது பாட்டுக்கு இருந்துச்சு.

சடைச்சி வீட்டுக்குப் போய்ப் புள்ளைங்களுக்கு வயிறு ரொம்ப வரகுக் கஞ்சி ஊத்தினா. அந்த வருஷம் அவங்க சூளைக்குப் போகலை. வரகும் வெந்துச்சு, கதையும் வெந்துச்சு, கண்ணை மூடு.