மிச்சம் பிடித்த ஒரு கட்டுப் புல்

பனிமலையின் அடிவாரக் காட்டில் நெட்டைக்காது என்று ஒரு முயல் இருந்தது. அதன் மனைவி வெள்ளச்சி. குட்டிகள் மூன்று. கடைக்குட்டிக்கு நெற்றியில் கறுப்பாக ஒரு புள்ளி உண்டு. அதனால் அதைப் பொட்டு என்று கூப்பிட்டார்கள்.

குளிர் இறங்கியது. காட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் கரடி வாத்தியார் கொட்டாவி விட்டபடியே குகைக்குள் தூங்கப் போய்விட்டார். இனி அவர் எழுந்து வரும்வரை விடுமுறைதான்!

"அப்பா! மான் வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் பனியில சறுக்கப் போகுதுங்க! நாமளும் மலைக்குப் போகலாம்ப்பா!" என்று பொட்டு அடம் பிடித்தது.

நெட்டைக்காது சிக்கனத்துக்குப் பேர் போனது. "சிறுகக் கட்டிப் பெருக வாழணும்" என்று பொழுதுக்கும் சொல்லும். ஆனாலும் பிள்ளைகள் என்றால் அதற்கு உயிர்.

"போகலாம்! ஆனா வெட்டிச் செலவு கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்!" என்றது.

அது செய்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மான்கள் வழவழப்பான சறுக்குப் பலகைகளை வாடகைக்கு எடுத்தன. நெட்டைக்காதோ மூங்கிலைப் பிளந்து, சீவி, காலில் கட்டிக்கொள்ளும் சறுக்குக் கட்டைகளைத் தானே செய்தது. பொட்டுவுக்கு மட்டும் அகலமான பைன்மரப் பட்டை ஒன்று. அதன் மேல் நின்றபடியே சறுக்கலாம். தங்குவதற்கு மலையில் யாரோ விட்டுப்போன பழைய வளை. சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு கட்டு உலர்ந்த புல், வீட்டிலிருந்தே. நல்ல குடும்பத்தலைவன் செய்கிற காரியம்தான் இதெல்லாம். இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சரிவின் உச்சியில் கொம்பாயி என்ற வரையாடு நின்றுகொண்டிருந்தது. சறுக்க வருகிற குடும்பங்களுக்குக் காவல் இருப்பது அதன் தொழில். ஏனென்றால் சரிவின் அடியில் இருந்த பைன்மரத் தோப்பில் ஒரு நரி குடியிருந்தது. கொம்பாயி கீழே போய்க் கொம்பை ஆட்டிக்கொண்டு நின்றால் நரி வெளியே தலைகாட்டாது.

"குடும்பத்துக்கு ஒரு கட்டுப் புல்லு. பொழுது சாயுற வரைக்கும் கீழே நின்னு பாத்துக்குவேன்" என்றது கொம்பாயி.

"ஒரு கட்டா! சும்மா நிக்கிறதுக்கா?" என்று நெட்டைக்காது வாயைப் பிளந்தது. "அரைக்கட்டு தர்றேன்."

"கட்டுப்படியாகாதுய்யா. இந்த மலையில புல்லுக்கு நான் எங்க போவேன்?"

வெள்ளச்சி தன் பங்குப் புல்லை எடுத்து நீட்டியது. "என்னங்க, இதைக் குடுத்துடுவோம். இன்னைக்கு ஒரு பொழுது நான் சாப்பிடாம இருந்துக்கறேன். பிள்ளைங்க பத்திரமா இருந்தாப் போதும்."

அப்போது தலைக்கு மேலே ஒரு கிளையிலிருந்து அண்டங்காக்கை ஒன்று பேசியது.

"அண்ணாச்சி! உங்க குலத்துக்கு எதுக்கு ஆட்டுக் காவல்? ஆபத்துன்னா பின்னங்காலால தரையைத் தட்டுவீங்களே! அதைவிடக் காவல் உண்டா? ஏதோ மனசுக்குப் பட்டுச்சு, சும்மா சொல்றேன்!"

இந்தக் காக்கை நரியின் கூட்டாளி. நரி தின்றது போக மிச்சம் மீதி அதற்கு. பாவம், இது முயலுக்குத் தெரியாது. "சும்மா" என்ற சொல் மட்டும் அதன் காதில் தேனாக இறங்கியது.

"அதானே!" என்று நெட்டைக்காது நிமிர்ந்து உட்கார்ந்தது. "நான் தட்டினா அடிவாரமே அதிரும்! என் பிள்ளைங்க போட்டது போட்டபடி ஓடி ஒளிஞ்சுக்கும்! என் காலு சும்மா தட்டுது, எந்தக் காலும் அதுக்குக் கூலி கேட்டதில்ல!"

அடிவாரத்தில் அது சத்தியமான பேச்சு. மலைக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம். அதற்கும் ஒன்றும் செலவில்லை. ஆனால் பார்க்கவில்லை.

"ஊசி போற இடத்தைப் பாக்கறீங்க, உலக்கை போற இடத்தைப் பாக்க மாட்டேங்கறீங்களே!" என்று வெள்ளச்சி கண் கலங்கியது.

நெட்டைக்காது அந்தப் புல்கட்டை வாங்கித் திரும்பவும் மூட்டைக்குள் திணித்தது. "சாப்பாட்டு நேரத்துல நீயே தின்னு! உன் பங்கை நீ எதுக்கு விடணும்?"

"சரிய்யா, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கொம்பாயி மான்களோடு பக்கத்திலிருந்த பெரிய சரிவுக்குப் போய்விட்டது.

நெட்டைக்காது வெள்ளச்சி காலிலும் பெரிய குட்டிகள் காலிலும் மூங்கில் கட்டைகளை வைத்து இறுக்கிக் கட்டியது. நடுவழியில் அவிழ்ந்தால் அடிபடுமே என்று, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டது. அதன் அன்பில் எந்தக் குறையும் இல்லை. அதைச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

வெயில் அடித்தது. பனி பளபளத்தது. பெரிய குட்டிகள் உச்சிக்குப் பக்கத்திலேயே விழுந்து எழுந்து சிரித்தன. வெள்ளச்சி பாதிச் சரிவில் நின்று தட்டுத் தடுமாறிச் சறுக்கப் பழகியது. பொட்டுதான் கெட்டிக்காரக் குட்டி! பட்டை மேல் ஏறி நின்றதுதான் தாமதம், சர்ரென்று அடிவரைக்கும் போய்விட்டது.

"அப்பா! பாத்தியா! நான் விழவே இல்ல!" என்று கீழேயிருந்து கத்தியது. காற்று அந்தக் குரலை மேலே கொண்டுவந்து சேர்த்தது. உச்சியில் காவலுக்கு நின்ற அப்பாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

அந்த நிமிஷம்தான் தோப்பின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு வால் அசைந்தது.

நரி!

நெட்டைக்காது பின்னங்காலைத் தூக்கித் தன் பலமெல்லாம் சேர்த்துத் தட்டியது.

பொதுக்!

கால் முழங்கால் வரை பனிக்குள் புதைந்தது. சத்தமே வரவில்லை. இழுத்து எடுத்து மறுபடி தட்டியது. பொதுக்! பனி அந்த அடியை அப்படியே விழுங்கிவிட்டது. அடிவாரத்தையே அதிரவைத்த கால் அங்கே ஒரு எறும்பைக்கூட எழுப்பவில்லை.

"பொட்டு! ஓடு! நரி! நரி!"

காற்று எதிர்க்காற்று. குரல் கீழே இறங்கவில்லை. பொட்டு பட்டையில் ஒட்டிய பனியைத் துடைத்துக்கொண்டு நின்றது.

வெள்ளச்சி தற்செயலாக மேலே பார்த்தது. புருஷன் சத்தமில்லாமல் காலை உதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டது. கூட வாழ்ந்த மனைவிக்கு அந்த உதைக்கு அர்த்தம் தெரியாதா? உடனே கீழே திரும்பியது. அதுவரை விழுந்து விழுந்து எழுந்த வெள்ளச்சி, பெற்ற வயிறு இழுத்த இழுப்பில் ஒரு தடவைகூட விழாமல் நேர் கீழாகப் பாய்ந்தது.

நரி பொட்டுவின் மேல் தாவியது. குறுக்கே வந்து வெள்ளச்சி நரியின் விலாவில் மோதியது. இரண்டும் பனியில் உருண்டன.

"பாறை இடுக்குக்குள்ள ஓடு பொட்டு! திரும்பிப் பாக்காதே!"

பொட்டு ஓடி ஒளிந்துகொண்டது.

வெள்ளச்சியும் எழுந்து ஓடியிருக்கும். முயலின் ஓட்டத்தை நரியால் அவ்வளவு சுலபமாகப் பிடிக்க முடியுமா? ஆனால் காலில் மூங்கில் கட்டைகள் இருந்தன. முடிச்சு அவிழவில்லை.

நெட்டைக்காது உருண்டும் புரண்டும் கீழே வந்து சேர்ந்தபோது பனியில் ஒரு மூங்கில் கட்டை மட்டும் முறிந்து கிடந்தது. தோப்புக்குள் சருகு கூட அசையவில்லை.

"அடப்பாவி! உன் பேச்சைக் கேட்டுத்தானே..." என்று அது காக்கையைப் பார்த்து அலறியது.

"சும்மா சொன்னேன்னுதானே சொன்னேன்! தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்க மாட்டாங்க, நீங்களும் பாக்கல!" என்று சொல்லிவிட்டு அண்டங்காக்கை தோப்புப் பக்கம் பறந்தது.

அழுகுரல் கேட்டுப் பெரிய சரிவிலிருந்து கொம்பாயி ஓடிவந்தது. குட்டிகளை நடுவில் விட்டு, அடிவாரம் வரை கூடவே நடந்து வந்தது. காட்டு எல்லை வந்ததும் நெட்டைக்காது மூட்டையைப் பிரித்து ஒரு கட்டுப் புல்லை எடுத்து நீட்டியது.

கொம்பாயி அதைப் பார்த்தது. "வேணாம்ய்யா. காவலுக்குத்தான் நான் கூலி வாங்குவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி மலை ஏறியது.

வீட்டுக்கு வந்தார்கள். குட்டிகளுக்குப் பசி. நெட்டைக்காது ஆளுக்கு ஒரு கட்டுப் புல் எடுத்து வைத்தது. எடுத்து வைத்த பிறகும் மூட்டையில் ஒரு கட்டு இருந்தது.

பொட்டு அதைத் தொட்டுப் பார்த்தது. "இது யாருக்குப்பா?"

வாழ்நாளெல்லாம் மிச்சம் பிடித்த அந்த முயல், மிச்சமான அந்த ஒரு கட்டுப் புல்லைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதது.

பிள்ளைகளே, பெரியவர்களே! பகட்டில் பிடிக்கும் சிக்கனம் குடும்பத்தை வாழவைக்கும்; காவலில் பிடிக்கும் சிக்கனம் குடும்பத்தையே விலையாகக் கேட்கும்.