மனதை மாற்றிக்கொண்ட குருவம்மா

ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள். சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எரியட்டும், பரவாயில்லை.

வெகு காலத்துக்கு முன்னால் கடற்கரை நாடு ஒன்றை வல்லபராயன் என்ற அரசன் ஆண்டான். ஒருமுறை பக்கத்து நாட்டின்மேல் படையை அனுப்பினான். பாதி வழி போன வீரர்கள், நமக்கும் அவர்களுக்கும் என்ன பகை என்று யோசித்துவிட்டு வீடு திரும்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "மனசை மாத்திக்கிட்டோம், சாமி" என்றார்கள்.

அரசனுக்கு வந்ததே கோபம்! கோட்டை வாசலில் ஒரு கல்லை நட்டு, அதில் ஒரே ஒரு வரியை வெட்டச் சொன்னான்: "தன் மனதைத் தானே மாற்றிக்கொள்பவர், யாராக இருந்தாலும், இந்த நாட்டில் இருக்கக் கூடாது."

'யாராக இருந்தாலும்' என்பதை அவனே சேர்க்கச் சொன்னான். கேட்கக் கம்பீரமாக இருக்கிறதாம். அதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்டு உப்பளத்தில் குருவம்மா என்று ஒருத்தி இருந்தாள். பாத்தி கட்டுவாள், தண்ணீர் பாய்ச்சுவாள், உப்பு வாருவாள். புருஷன் இல்லை. ஒரே ஒரு மகள். அந்தப் பிள்ளை ஆறு வயதில் கழிமுகத்துத் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போயிற்று. பாத்திக்குப் பக்கத்து மேட்டிலேயே புதைத்தாள்.

அன்றிலிருந்து அவள் காதில் "அம்மா, அம்மா" என்று ஒரு குரல். உப்பு வாரும்போது கேட்கும். சோறு பிசையும்போது கேட்கும். கண்ணை மூடினாலும் கேட்கும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்து ஓடுவாள். மூன்று முறை கழுத்தளவு தண்ணீரிலிருந்து அவளை இழுத்து வந்தார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? முதல் வருஷம் அவளுடைய அக்கா பொன்னாயி வந்தாள். "போனது போயிருச்சு. மனசை மாத்திக்கோடி" என்றாள். சொல்லிவிட்டு, வாயில் அதக்கிய புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் போனாள்.

இரண்டாம் வருஷம் நாட்டாமை வந்தார். "எத்தனை நாளைக்குத்தான் இப்படியே இருப்பே? மனசை மாத்திக்கோம்மா" என்றார். காலையிலேயே அவர் வாயில் கள் வாடை.

மூன்றாம் வருஷம் பூசாரி வந்தார். "மனசை மாத்திக்கோ, தாயி" என்றார். அவர் கஞ்சாப் புகையை இழுத்துக் கண் சிவந்தால்தான் அவர்மேல் சாமி இறங்கும்.

எப்படி மாற்றுவது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு!

நான்காம் வருஷம் குருவம்மாவே ஒரு வழி கண்டாள். மணல்மேட்டில் பேர் தெரியாத ஒரு கொடி படர்ந்திருந்தது. அதை மேய்ந்த ஆடுகள் சாந்தமாகப் படுத்துக் கிடந்ததைப் பார்த்தாள். ஒரு கை இலையைப் பறித்து அவித்து, ஒரு சிரட்டை குடித்தாள்.

குரல் நிற்கவில்லை. ஆனால், தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிட்ட பிள்ளை இப்போது மேட்டிலிருந்து கூப்பிட்டது. குருவம்மா அங்கே போய் உட்கார்ந்து அதனோடு பேசினாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுது முடித்தாள். அதன்பிறகு தினம் ஒரு சிரட்டை. மறுபடியும் உப்பு வாரினாள், வயிறாரச் சாப்பிட்டாள், ஒருநாள் சிரிக்கவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குச் சிரிப்பு கேக்குதா? எதையோ குடிச்சு மனசை மாத்திக்கிட்டா!" என்றார்கள். அவள் தண்ணீருக்கு ஓடிய காலத்தில் அரண்மனைப் பக்கம் போகாத அந்த மூன்று பேரும், இப்போது விழுந்தடித்துக்கொண்டு போய்க் கோள் சொன்னார்கள்.

அரசன் விசாரித்தான். "கல்லில் இருப்பது தெரியுமல்லவா? நாளை உச்சிப்பொழுதுக்குள் எல்லையைத் தாண்டிப் போய்விடு" என்றான்.

"அந்த மேட்டுல என் பிள்ளை கிடக்கு, ராசா. நான் போயிட்டா அதை யார் பாப்பா?"

குருவம்மா அந்த மூன்று பேரையும் பார்த்தாள். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அரசன் முன்னால் மண்டியிட்டாள்.

"பெரிய மனசு பண்ணுங்க, ராசா" என்றாள். முடியாது என்றான் அரசன்.

"பெரிய மனசு பண்ணுங்க, ராசா" என்றாள். அரசன் மீசையைத் தடவினான்.

"பெரிய மனசு பண்ணுங்க, ராசா" என்றாள் மூன்றாம் முறை. அரசனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "சரி, எழுந்திரு. நான் என் மனதை மாற்றிக்கொண்டேன். நீ இங்கேயே இருக்கலாம். அந்தக் கொடியை மட்டும் வேரோடு பிடுங்கிவிட வேண்டும்" என்றான். சபை கை தட்டியது.

குருவம்மா முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஓலை எழுதுகிறவரிடம், "ஐயா, ராசா இப்ப சொன்னதை ஒருதரம் படிங்க" என்றாள்.

அவர் படித்தார்: "நான் என் மனதை மாற்றிக்கொண்டேன்."

"யாராவது கட்டாயப்படுத்துனாங்களா? தானே மாத்திக்கிட்டார்தானே? கல்லுல 'யாராக இருந்தாலும்'னு இருக்கே. நாளைக்கு உச்சிக்குள்ள எல்லையைத் தாண்டப் போறது யாரு?"

அரசன் முகம் கறுத்தது. "அப்படியானால் பழைய தீர்ப்பே இருக்கட்டும்!" என்று கத்தினான்.

"ரெண்டாவது தடவையும் மாத்திக்கிட்டீங்க, ராசா."

மூன்றாவதாக எதையோ சொல்ல வாயைத் திறந்தான். ஓலைக்காரர் எழுத்தாணியைத் தூக்கியதைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

அப்போதுதான் குருவம்மா வெடித்தாள். "நீங்க மாத்துனா பெரிய மனசு, நான் மாத்துனா குத்தமா? இவங்க புகையிலையும் கள்ளும் கஞ்சாவும் இவங்க மனசை என்ன பண்ணுது? மூணு வருஷமா என் காதுல கேட்டது உங்கள்ல ஒருத்தருக்காவது கேட்டுச்சா? நான் தண்ணிக்குள்ள விழுந்தப்போ எந்தச் சட்டமும் வரலை. நான் சிரிச்சதும் ஓடி வருது. மாத்திக்கோ மாத்திக்கோன்னு வருஷத்துக்கு ஒருத்தரா வந்து சொன்னீங்களே, மாத்திக்கிட்டேன்! உங்ககிட்ட கேக்காம மாத்திக்கிட்டேன். அதானே உங்களுக்கு ஆத்திரம்?"

அரசனுக்கு வேறு வழி இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் கோட்டை வாசல் கல்லை இரண்டாக உடைக்கச் சொன்னான். கொடியைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை.

உடைந்த கல்லைக் குருவம்மா கேட்டு வாங்கி, தன் பாத்தியின் மடைவாயில் போட்டாள். அதன்மேல் காலை வைத்து நின்றுதான் பிறகு தண்ணீர் பாய்ச்சினாள்.

எல்லாம் முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை. பொன்னாயி மெல்ல வந்து மேட்டோரம் நின்றாள். "என்ன இருந்தாலும் அந்தத் தழையை விட்டுறலாமேடி. கொஞ்சம் மனசை மாத்திக்கோயேன்" என்றாள்.

குருவம்மா தலையைத் தூக்கவில்லை. "மனசு என்னோடது, அக்கா. நீ முதல்ல அந்தப் புகையிலையைத் துப்பிட்டு வந்து பேசு" என்று சொல்லிவிட்டு உப்பை வாரினாள்.

இந்தக் கதையின் நீதி இதுதான்: ஒரு மனதின் பாரத்தைச் சுமக்க வராதவர்களுக்கு, அந்த மனதை அதன் சொந்தக்காரர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்ல உரிமை இல்லை.